கண்ணாடி போடாத படம்

படத்துக்கு உட்காருவதற்காக திருச்செல்வம் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் பிரேமலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தீபாவளிக்கு எடுத்த பட்டுச்சட்டை, புதிதாக மை பூசிய மீசை, கழுத்தில் சங்கிலி, முகம் முழுக்கப் பவுடர். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிற பையன்கூட அவ்வளவு பவுடரை அப்பிக்கொள்ள மாட்டான்.

"என்னங்க இது?"

"படம் வரையறேன்னு சொன்னியே. கொஞ்சம் எடுப்பா இருக்க வேணாமா?"

"போயி மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. வேன் ஓட்டறப்ப போடுவீங்களே அந்த நீலச் சட்டை, அதப் போட்டுக்கிட்டு வாங்க."

"அதுல காலரு கிழிஞ்சிருக்குமா."

"அதான் எனக்கு வேணும்."

கட்டிய மனைவியே தன்னைக் கிழிந்த சட்டையில் உலகத்துக்குக் காட்டப் போகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அவள் மனதில் இருந்த படம் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஹாலந்தில் இருந்த ரெம்ப்ராண்ட் என்ற ஓவியர், வயதான காலத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்துகொண்டது. சுற்றிலும் பழுப்பும் கறுப்புமாக இருட்டு. நெற்றியிலும் மூக்கின் ஒரு பக்கத்திலும் மட்டும் வெளிச்சம். உருளைக்கிழங்கு மூக்கு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, சோர்ந்த கன்னம், எதையும் மறைக்காமல் வரைந்து வைத்திருந்தார் மனிதர். அதன் அச்சுப்பிரதியை அவள் ஒட்டிய அன்று திருச்செல்வம் காப்பிக் கோப்பையோடு நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஆளு கரண்டு பில்லு கட்டலியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஆலையில், தைத்து வரும் சட்டைகளின் தரம் பார்க்கிற பிரிவில் பிரேமலா பல வருஷம் இருந்தவள். ஆலையை மூடினார்கள். அதே சமயத்தில் மகள் பிரவீனாவும் வேலை கிடைத்துக் கோலாலம்பூர் போனாள். காலியான அறையில் ஒரு மேசையைப் போட்டு, சிறுவயதிலிருந்து கை அரித்துக்கொண்டிருந்த ஆசையைப் பிரேமலா பிரித்து வைத்தாள். காலையில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவருடைய வேன் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். முதுகு வலிக்கும், கண் எரியும், பத்துத் தாள் கிழிந்தால் ஒன்று தேறும். ஆலையில்கூட அவள் அப்படி உழைத்ததில்லை.

ஆனால் கல்யாண வீட்டிலோ கோயிலிலோ யாராவது, "வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டால் போதும். திருச்செல்வம் கொஞ்சமும் யோசிக்காமல், "சும்மாதான் இருக்கா. கலரடிச்சிக்கிட்டு" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொல்வார். அந்தச் 'சும்மா' பிரேமலாவின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். வீட்டுக்கு வந்து சண்டை போட்டால், "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று அப்பாவியாகக் கண்ணை விரிப்பார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்?

இந்த நிலைமையில்தான் ஜொகூர் பாருவில் ஓர் ஓவியக்கூடம் கண்காட்சி ஒன்றை அறிவித்தது. பழைய மேதை ஒருவரின் பாணியில் ஒரு மனித முகம், நீர்வண்ணத்தில் மட்டும். நடுவர்கள் தேர்ந்தெடுப்பதைச் சுவரில் மாட்டுவார்கள். போன வருஷம் வேறொரு கண்காட்சிக்கு அவள் அனுப்பிய செம்பருத்திப் படம் போன வேகத்திலேயே திரும்பி வந்திருந்தது. இந்த முறை சுவரில் தொங்க வேண்டும். தொங்குகிற படத்தின் முன்னால் இந்த மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தி, இப்போது சொல்லுங்கள் சும்மாதான் இருக்கிறேனா என்று கேட்க வேண்டும். அதற்கு அவர் முகத்தையே வரைவது என்று அவள் முடிவு செய்ததில் பாதி பிரியம், பாதி பழிவாங்கல்.

வெள்ளிக்கிழமைகளில் உட்காருவது என்று ஏற்பாடு. அந்த வருஷம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. சனிக்கிழமை வேனைக் கழுவவும் கோயிலுக்குப் போகவும் அவருக்குச் சரியாக இருக்கும்.

சொல்வதற்கு எளிது, உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. ஒரு ஜன்னலைப் போர்வையால் மூடி, மற்ற ஜன்னலின் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி நாற்காலியைப் போட்டாள்.

"லைட்டப் போடேன். இருட்டுல எப்படி வரைவ?"

"இருட்டுதாங்க வேணும். நேரா பாக்காதீங்க, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. சிரிக்காதீங்க."

"சிரிக்கலியே."

"பல்லு தெரியுது."

வாயை மூடச் சொன்னால் வெற்றிலை எச்சிலை அடக்கிக்கொண்டவர்போல் உதட்டை இறுக்கிக்கொண்டார். தளர்த்தச் சொன்னால் தூங்கிப்போனார். விடியுமுன் எழுந்து வேன் எடுக்கிற உடம்பு, நாற்காலியைக் கண்டால் விடுமா? தட்டி எழுப்பினால் கைப்பேசி மணி அடித்தது. யாரோ ஒரு பையன் வேனில் தண்ணீர்ப் புட்டியை விட்டுவிட்டானாம். அடுத்த வாரம் ஈ வந்தது. அதற்கடுத்த வாரம் மூக்கு அரித்தது. இடையில் எழுந்து நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் வேறு பக்கம் பார்த்தது, நிழல் வேறு இடத்தில் விழுந்தது.

"அசையாதீங்கன்னா அசையாதீங்க!"

"மூச்சு விடலாமா, கூடாதா? அதையாவது சொல்லிடு."

அவளுக்கு வந்த எரிச்சலை அடக்க, தண்ணீரை மாற்றுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் நின்றுவிட்டு வருவாள்.

அவளுடைய அவசரம் அவருக்குப் புரியவில்லை. எண்ணெய் வண்ணமென்றால் வெளிச்சம் வேண்டிய இடத்தில் கடைசியாக வெள்ளையைத் தொட்டு வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான், தொடாமல் விட்ட இடம்தான் வெளிச்சம். ஒரு துளி தவறிப்போய்ப் பட்டாலும் போச்சு. அதே சமயம், ரெம்ப்ராண்டின் இருட்டு ஒரே பூச்சில் வருகிற இருட்டும் இல்லை. மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். காயுமுன் பூசினால் சேறு. துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஊரில் அவள் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு காகிதத்தின்முன் தவம் கிடந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நாசர் வந்தார். தெருமுனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், திருச்செல்வத்தின் பழைய கூட்டாளி. கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கு தங்கச்சி. மீதிப் பாதி மூஞ்சி எப்ப போடுவீங்க?"

"மீதி இருட்டுல இருக்குண்ணே."

"ஓ." நாசர் படத்தையும் நண்பரையும் மாறிமாறிப் பார்த்தார். "நம்ம திரு கொஞ்சம் கறுப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக இவ்வளவா லா?"

"அதத்தான்டா நானும் சொல்றேன்! கொஞ்சம் கலரா போடுன்னா கேக்க மாட்டேங்கறா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பின்னால் ஒரு மலையும் தென்னை மரமும் போட்டால் எடுப்பாக இருக்குமாம். பிரேமலா பிரியாணியை வாங்கி வைத்துவிட்டு இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

எல்லாவற்றையும் மீறி, படம் வந்தது. அதுதான் ஆச்சரியம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து கலந்து ஏற்றிய இருட்டு ஒரு நாள் திடீரென்று ஆழம் கொண்டது. அதற்குள்ளிருந்து அந்த நெற்றி வெளியே வந்தது. அந்த இடத்தில் அவள் எதுவுமே பூசவில்லை. வெறும் காகிதம் வெயில் பட்ட தோலாக நின்றது. மேசையிலிருந்து தள்ளி நின்று பார்த்தாள். நான்தானா செய்தேன் என்றிருந்தது. யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு பூச்சு பாக்கி. ஆயுத பூசை வெள்ளிக்கிழமை வருகிறது, அன்று காலையில் அதைப் போட்டுவிடலாம். ஞாயிறு மதியத்துக்குள் ஜொகூர் பாருவில் கொடுத்துவிட வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வாழையிலை, பூ, பொரி கடலை வாங்க அவள் கடைத்தெருவுக்குப் போனாள். ஊரே அங்கேதான் இருந்தது. பூக்காரர் கடையில் முண்டியடித்து, பூசணிக்காய்க்கு அலைந்து, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால் வாசலில் வேன் பளபளவென்று நின்றது. முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம், முகப்பில் மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பரவாயில்லையே, மனிதர் எல்லாவற்றையும் முடித்துவிட்டாரே என்று மகிழ்ந்துகொண்டே உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தது. வழக்கம்போல் ஸ்பானர் பெட்டி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு. பக்கத்தில் அரிசி வேகும் குக்கர், இஸ்திரிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் பொட்டு. இந்த வருஷம் புதிதாக அவளுடைய பிரஷ்கள், மல்லிகைச் சரத்தால் கட்டி. அவளுடைய வண்ணப் பெட்டி, மூடியில் மூன்று விரல் சந்தனத்தோடு. நடுநாயகமாக, சுவரில் சாய்த்து, பலகையில் ஒட்டியபடியே அவள் படம்.

படத்தின் நெற்றியில் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

தண்ணீர் தாராளமாக விட்டுக் குழைத்த சந்தனம். ஈரம் பட்ட காகிதம் உப்பியிருந்தது. காய்ந்திருந்த வண்ணம் மறுபடி கரைந்து புருவத்தோடு கலந்து, மூக்கின் வெளிச்சப் பக்கம் வழியாக இளஞ்சிவப்பாக ஒழுகி, மீசையில் வந்து தேங்கியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று கேட்டிருக்கிறாள். தாழியைப் போட்டு உடைத்தவர் கையில் குங்குமச் சிமிழோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பிரேமலாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. பூசணிக்காய் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

"என்ன பண்ணீங்க?"

"பொட்டு வெச்சேன்."

"படத்துமேலயா? படத்துமேலயா வெப்பீங்க?"

"ஏன், வெக்கக்கூடாதா? வருஷா வருஷம் வீட்டுல இருக்கற எல்லாச் சாமி படத்துக்கும் நாந்தானே வெக்கிறேன். ஒண்ணும் ஆகலியே."

"அதுக்கெல்லாம் கண்ணாடி போட்டிருக்குங்க!" என்று அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "கண்ணாடிமேல வெச்சா தொடைச்சிடலாம். இது காகிதம்! வெறும் காகிதம்! தண்ணி பட்டா கரையும்! எத்தன வாரம் உங்கள உக்கார வெச்சி உயிர விட்டேன், அய்யோ!"

திருச்செல்வத்தின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. படத்தைக் குனிந்து பார்த்தார். சரிசெய்துவிடும் எண்ணத்தில் விரலால் சந்தனத்தை வழிக்கப் போனார்.

"தொடாதீங்க!"

கை அந்தரத்தில் நின்றது. அவளுக்கு அழுகை முட்டியது, அதைவிட வேகமாகக் கோபம் முட்டியது. எதைச் சொன்னால் வலிக்கும் என்று தேடியதில் ஒன்று அகப்பட்டது.

"போய்ச் சேர்ந்தவங்க படத்துக்குத்தான் இந்த மாதிரி சந்தனம் குங்குமம் வெப்பாங்க. குத்துக்கல்லு மாதிரி உயிரோட நின்னுக்கிட்டு உங்க படத்துக்கு நீங்களே வெச்சிருக்கீங்க. மாலையும் போட்டுக்குங்க, சரியா இருக்கும்!"

"அலமாக்!" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. சிமிழைக் கீழே வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"என் படத்துக்கு வெக்கலமா. உன் தொழிலுக்கு வெச்சேன்."

பிரேமலா திரும்பி, தன் வண்ணப் பெட்டியின் மூடியில் இருந்த மூன்று விரல் சந்தனத்தைப் பார்த்தாள்.

எந்த வார்த்தையைக் கேட்க அவள் கண்காட்சிச் சுவர்வரை போக இருந்தாளோ, அது இதோ கூடத்தில், ஸ்பானர் பெட்டிக்குப் பக்கத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிப்பட்ட நேரத்தில்! சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் கண்முன்னால் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. திட்டலாம் என்று பார்த்தால் மல்லிகை கட்டிய பிரஷ்கள் கண்ணில் படுகின்றன. இந்த மனிதர்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

துணியை எடுத்துச் சந்தனத்தை ஒற்றியெடுத்தாள். சந்தனம் வந்தது, குங்குமம் காகிதத்தின் நாருக்குள் இறங்கியிருந்தது. ஈரத்தோடு ஈரமாக ஏதாவது செய்து பார்க்கலாமென்று பிரஷ் கட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

"பிரேமா," என்றார் திருச்செல்வம் தயங்கி. "சாமிகிட்ட வெச்சாச்சி. நாளைக்குக் காலையில மறுபூசை பண்ணித்தானே எடுக்கணும். தொழில் சாமானத்த இன்னிக்குத் தொடக்கூடாதும்மா."

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சொல்வது யார் பாருங்கள்! கையை மல்லிகைச் சரத்தின்மேல் வைத்துவிட்டாள். வாசலில் வேன் நின்றது, இன்று அதையும் எடுக்க மாட்டார். அவசரமென்றால்கூட நாசரின் காரைத்தான் கேட்பார். பூசையில் வைத்த தொழில் கருவிக்குத்தான் அந்த மரியாதை, விளையாட்டுச் சாமானுக்குக் கிடையாது. இப்போது அவள் பிரஷை உருவினால், இது சும்மாதான் என்று அவளே சொன்னதுபோல் ஆகும். கையை எடுத்துக்கொண்டாள்.

பூசை நடந்தது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காயைச் சோபாவுக்கு அடியிலிருந்து துடைப்பக்கட்டையால் தள்ளி எடுத்து வாசலில் உடைத்தார்கள். அவள் செய்த சுண்டலில் உப்பே இல்லை. அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதற்கும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் விஜயதசமி. மறுபூசை முடித்துப் பிரஷ்களை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தபோது திருச்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. நீலச் சட்டை, சவரம் செய்யாத முகம், துடைத்த நெற்றி. கைப்பேசியை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார். பிள்ளைகளின் பெற்றோர்கள் கூப்பிடுவார்களே என்று குளிக்கிற அறைக்குள்ளும் அதைக் கொண்டுபோகிறவர்.

"என்னங்க?"

"இன்னொரு தடவை வரைஞ்சிடு. நான் அசைய மாட்டேன்."

"எத்தன வாரத்து வேலைய ஒரு நாள்ல முடிக்கறதா?"

"நீ பாரு. முடியலன்னா விட்டுடலாம்."

அவளிடம் இன்னொரு நல்ல தாள் இருந்தது. அதைப் பலகையில் ஒட்டினாள். நம்பிக்கையெல்லாம் இல்லை, வீம்புதான். கோடு போட நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

இத்தனை வாரமும் அவர் அவளுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படத்துக்கு நிற்கிற முகம், பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற முகம். இன்று எதையும் கொடுக்கவில்லை. ஒரு தப்பு செய்துவிட்டு, அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே பை இருந்தது. மை பூசாத மீசையின் அடியில் நரை தெரிந்தது. இவ்வளவு களைப்பை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? பழைய படத்தில் இதில் ஒன்றுகூட இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. அதில் இருட்டு ரெம்ப்ராண்டுடையதாக இருந்தது, உள்ளே இருந்த ஆள் பொம்மை.

வேலை ஓடியது. கை எதையும் யோசிக்காமல் போனது. ஆனால் மதியம் வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கியது. காற்று முழுக்க ஈரம். உலர்த்தும் கருவியை எவ்வளவு காட்டினாலும் பூச்சு காய மறுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கருவியை மேசையில் போட்டாள்.

"வேன்ல ஏசி இருக்கு," என்றார் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்.

"என்னது?"

"ஏசியப் போட்டு வெச்சா உள்ள இருக்கற ஈரமெல்லாம் போயிடும். பசங்க மழையில நனைஞ்சிட்டு ஏறுவாங்க, வூட்டுல எறங்கறதுக்குள்ள சட்டை காஞ்சிடும்."

பைத்தியக்காரத்தனமாக இருந்தது. வேறு வழியும் இல்லை. பலகையைப் பெரிய ரெயின்கோட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். வேனுக்குள் குளிர்காற்று சீறியது. பலகையைப் பிள்ளைகளின் இருக்கையில் நிறுத்திவிட்டு எதிரில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பூச்சு காய்ந்தது. அறைக்கு ஓடி இன்னொரு பூச்சு, மறுபடி வேன். அப்படியே அந்தச் சாயங்காலம் போனது.

ஒரு பூச்சு காயக் காத்திருந்தபோது, கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க. எல்லார்கிட்டயும் ஏன் நான் சும்மா இருக்கேன்னு சொல்றீங்க?"

அவர் நனைந்த ரெயின்கோட்டை மடித்துக் கீழே வைத்தார்.

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஃபேக்டரின்னா ஃபேக்டரின்னு சொல்லிடலாம். படம் வரையறான்னா அடுத்தது என்ன படம், எதுக்கு, யாருக்குன்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? சும்மான்னு சொல்லிட்டா கேள்வி நின்னுடும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த நாக்காலியில உக்காந்தப்பத்தான் தெரிஞ்சிச்சி. ஒரு காதுக்கு நீ எவ்வளவு நேரம் பாக்கற!"

அவள் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

இருட்டுவதற்கு முன் படம் முடிந்தது. திருச்செல்வம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். மலையும் தென்னையும் கேட்கவில்லை, கலர் போதாது என்றும் சொல்லவில்லை. "வயசாயிடிச்சில்ல?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் பிரேமலா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பலகையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள். வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. அவர் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏறு."

"பள்ளிக்கூடம் இருக்கே?"

"வேலுகிட்ட சொல்லிட்டேன். பசங்கள அவன் வேன்ல ஏத்திக்குவான். பஸ்ஸுல யாராவது இடிச்சிட்டா மறுபடியும் யாரு உக்கார்றது?"

காய்ச்சலிலும் வேன் எடுத்தவர், சொந்தத் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கே பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் வந்தவர். பிரேமலா ஏறி உட்கார்ந்தாள். இறுக்கிச் சுற்றினால் வண்ணம் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் துணியைத் தளர்த்திப் படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டுவதற்குள் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. வேலு எந்த வழியாக வருவான், ஏன் இன்னும் வரவில்லை, மதியம் யார் கூட்டி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஐந்தாவதோ ஆறாவதோ ஓர் அம்மாள். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"என்ன அங்கிள், உடம்பு சரியில்லியா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல வேலை விஷயமா ஜொகூர் பாரு போறாங்க. நாந்தான் கொண்டுபோயி விடறேன்."

"அக்கா வேலைக்குப் போறாங்களா? சும்மாதான் இருக்காங்கன்னு சொன்னீங்க?"

திருச்செல்வத்துக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பெற்றோர்களிடம் அவர் குரல் உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

"சும்மாவா? யாரு சொன்னா சும்மான்னு? ஒரு நாளு வந்து அந்த நாக்காலியில உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும்! சும்மாவாம்!" என்று படபடத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். துண்டித்த பிறகும் அடங்கவில்லை. "என்ன பேச்சு பேசறாங்க பாரு," என்று அவளிடமே முறையிட்டார்.

பிரேமலா படத்தைச் சட்டென்று மடியிலிருந்து தூக்கிக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் ஒரு சொட்டு அதில் விழுந்தாலும் போச்சு.